தலையும் தாளும்: மனத்தை ஆளும் கலை பற்றி ஒரு பாடம்



எடுத்த காரியம் கைகூடாதபோது நம் வீட்டுப் பெரியவர்கள் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "எல்லாம் தலையெழுத்து" என்பார்கள். விதி என்ற சொல்லோடு தலையைச் சேர்த்துத் 'தலைவிதி' என்பதும் நம் வழக்கம். வாழ்வின் போக்கு தலையில் இருக்கிறது என்னும் இந்த எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனின், டோகோ நாடுகளிலும் பல கோடிப் பேராக வாழும் யொரூபா மக்களும் விதியைத் தலை என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். அவர்கள் மொழியில் தலைக்கு 'ஒரி' என்று பெயர்.

நமக்கும் அவர்களுக்கும் இடையே கடல்கள் இருக்கின்றன. ஆயினும் மனத்தை எப்படி ஆள்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடையைக் கேட்டால், நம் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சுப் போலவே இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்து பெங்களூரில் வேர் பிடித்த நம் குடும்பங்களுக்கு அதில் பயனுள்ள பாடம் ஒன்று உண்டு. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

1. உள்ளே இருக்கும் தலை

யொரூபா மக்கள் தலையை இரண்டாகப் பிரித்துப் பேசுவர். கண்ணுக்குத் தெரிவது புறத்தலை. அதனுள் இருந்து ஒருவரின் எண்ணத்தையும் வாழ்வின் போக்கையும் நடத்துவது உட்தலை. இந்த உட்தலையைத் தெய்வமாகவே போற்றி, சோழிகள் பதித்த சிறு பேழையில் அதற்கு இடம் அமைத்து வழிபட்டனர். அந்தப் பேழைக்குத் 'தலையின் வீடு' என்று பொருள்படும் பெயர் உண்டு.

உட்தலைக்கு அவர்கள் வேண்டும் பெரிய வரம் எது தெரியுமா? குளிர்ச்சி! தலை குளிர்ந்திருந்தால் முடிவு சரியாக அமையும், சொல் இதமாக வரும், உறவு நிலைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் 'மனம் குளிர்ந்தது', 'வயிறு குளிர்ந்தது' என்கிறோம். சினம் மிகுந்தவனைப் பார்த்து 'தலை சூடேறி நிற்கிறான்' என்கிறோம். வெயில் மிகுந்த இரண்டு நாடுகளும் நல்ல மனத்துக்குக் குளிர்ச்சியையே அடையாளமாக வைத்திருக்கின்றன.

இன்று யொரூபா மக்களில் பெரும்பாலோர் கிறித்தவராகவோ இஸ்லாமியராகவோ இருக்கின்றனர். ஆயினும் தலை, நற்பண்பு, பொறுமை பற்றிய பழைய சொற்கள் அவர்கள் அன்றாடப் பேச்சில் வாழ்கின்றன. ஆகவே இதனை ஒரு சமயத்தின் கொள்கையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓர் இனத்தின் வாழ்வியல் அறிவாகவே கொள்ளலாம்.

2. குயவனின் சூளையில் ஒரு கதை

இந்த அறிவுக்குக் கருவூலமாக விளங்குவது 'இஃபா' எனப்படும் வாய்மொழித் தொகுதி. அதில் 256 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் எண்ணற்ற பாடல்கள், கதைகள். இவற்றை மனப்பாடம் செய்ய மாணவர்கள் இளமை முதலே ஆண்டுக்கணக்கில் ஆசானிடம் பயில்வர். இந்த மரபை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு மனிதகுலத்தின் அரிய வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அறிஞர் வாண்டே அபிம்போலா இக்கதைகளை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

அத்தொகுதியில் ஒரு கதை. பூமிக்கு வரும் ஒவ்வொருவரும் வழியில் அஜாலா என்னும் குயவனின் வீட்டுக்குப் போய்த் தமக்கு ஒரு தலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அஜாலா கைத்திறம் மிக்கவன். ஆனால் கடன்காரன், கவனக்குறைவு உடையவன். அவன் செய்த தலைகளில் சில நன்றாக வெந்தவை; பல அரைவேக்காடு. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே பளபளக்கும்.

மூன்று நண்பர்கள் தலை வாங்கப் புறப்பட்டனர். இருவர் அவசரக்காரர்கள். அஜாலா வீட்டில் இல்லாதபோதே அழகாகத் தெரிந்த தலைகளை எடுத்துப் பொருத்திக்கொண்டு கிளம்பினர். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வேகாத மண் கரைந்தது. வாழ்நாள் முழுதும் அவர்கள் உழைத்த பயனெல்லாம் அந்தத் தலையைச் செப்பனிடுவதிலேயே போயிற்று.

மூன்றாமவன் அஃபுவாபே. அவன் புறப்படுமுன் தந்தையைக் கண்டு பெரியோர் சொற்படி உப்பும் காசும் எடுத்துச் சென்றான். வாயிற்காவலன் சாம்பலைப் போட்டுக் குழம்பு வைப்பதைக் கண்டு, தன்னிடமிருந்த உப்பைக் கொடுத்து உதவினான். நன்றி மிகுந்த காவலன் உள்ளே நடப்பதை விளக்கினான். கடன் கொடுத்தவனுக்கு அஞ்சி அஜாலா கூரைக்கடியில் ஒளிந்திருந்தான். அஃபுவாபே அந்தக் கடனைத் தீர்த்தான். மகிழ்ந்த குயவன் தானே வந்து, தட்டிச் சோதித்து, நன்றாக வெந்த தலையை எடுத்துக் கொடுத்தான். அதே மழை அவன்மேலும் பெய்தது. தலை கரையவில்லை.

கதையின் கருத்தைக் கவனியுங்கள். மழை மூவருக்கும் பொது. பளபளப்பை நம்பி அவசரப்பட்டவர் இருவர். கேட்டு, பொறுத்து, சோதித்து எடுத்தவன் ஒருவன். நமக்குத் தோன்றும் எண்ணங்களும் அந்தச் சூளைத் தலைகளைப் போன்றவைதாம். முதலில் தோன்றும் எண்ணம் பளபளப்பாக இருக்கும். வெந்ததா, வேகாததா என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

3. தலை மட்டும் போதாது, தாளும் வேண்டும்

தலையில் எல்லாம் அடங்கிவிட்டது என்றால் முயற்சிக்கு என்ன வேலை? இந்த ஐயம் யொரூபா முன்னோர்க்கும் எழுந்தது. அவர்கள் தந்த விடை: தலைக்குத் துணையாகக் கால் வேண்டும். அவர்கள் மொழியில் 'எசே' என்றால் கால். இஃபாக் கதைகளில் அது முயற்சியைக் குறிக்கும். எல்லாத் தலைகளும் கூடிப் பேசிக் கால் ஒன்றை மட்டும் அழைக்க மறந்ததால், அவர்கள் எண்ணியது எதுவும் நடக்கவில்லை என்று ஒரு கதை உண்டு.

நம் மொழியைப் பாருங்கள்! 'தாள்' என்றால் பாதம். தாள் என்றால் முயற்சியும்கூட. தாளாண்மை என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. திருவள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்னார். அத்துடன் விட்டிருந்தால் நாம் கை கட்டி உட்கார்ந்திருப்போம். 62ஆம் அதிகாரத்துக்கு ஆள்வினையுடைமை என்று பெயரிட்டு முயற்சியின் பெருமையைப் பாடினார். தலையெழுத்தையும் தாளாண்மையையும் ஒரே நூலில் வைத்த அந்த நிதானம்தான் மனத்தை ஆளும் கலையின் அடித்தளம்.

4. பொறுமையின் மகள்

நற்பண்பை யொரூபா மொழியில் 'இவா' என்பர். மென்மையான நற்பண்பு 'இவா பெலே'. இஃபாக் கதையில் இவா ஒரு பெண். அவள் தந்தையின் பெயர் சூரூ. அதற்குப் பொறுமை என்று பொருள். அறிவுக்குத் தெய்வமான ஒருன்மிலா அவளை மணந்தான். நாளடைவில் அவளிடம் குறைகள் கண்டு விலக்கிவிட்டான். அவள் போனதும் அவன் மதிப்பும் செல்வமும் கூடவே போயின. அறிவு மட்டும் கையில் இருந்தது. அதை மதிப்பார் இல்லை. பின்னர் அவன் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி, இவாவைக் கண்டீர்களா என்று கேட்டு அலைந்தான்.

இதன் பொருள் விளங்குகிறதன்றோ? நற்பண்பு பொறுமைக்குப் பிறந்த பிள்ளை. பொறுமை இல்லாத வீட்டில் அது தங்காது. படித்த அறிவாளியானாலும் பொறுமையை இழந்தால் மதிப்பை இழப்பான். வள்ளுவரும் ஒழுக்கமுடைமைக்குப் பின் இரண்டாம் அதிகாரமாகப் பொறையுடைமையை வைத்திருக்கிறார்.

5. தூரதேசத்துக்குக் கூட வருவது யார்?

குடிபெயர்ந்த குடும்பங்கள் மறக்காமல் கேட்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. ஒருன்மிலா தெய்வங்களைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டான்: தன் அடியவன் கடல் கடந்து நெடுந்தூரம் போகும்போது, திரும்பாமல் கூடவே செல்லக்கூடியவர் உங்களில் யார்?

இடியின் தெய்வமான ஷாங்கோ, நான் செல்வேன் என்றான். வழியில் உன் ஊர் கோசோ வந்து, அங்கே உனக்குப் பிடித்த உணவைப் படைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டான் ஒருன்மிலா. வயிறார உண்டு அங்கேயே தங்கிவிடுவேன் என்று ஒப்புக்கொண்டான் ஷாங்கோ. காற்றின் தெய்வம் ஓயாவுக்குத் தன் ஊர் ஈரா; இரும்பின் தெய்வம் ஓகுனுக்குத் தன் ஊர் ஈரே. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வந்ததும் நின்றுவிடுவர். இறுதியில் தெரிந்தது: எந்தத் தூரத்துக்கும் திரும்பாமல் கூட வருவது ஒருவனுடைய தலை ஒன்றே!

யொரூபா மக்கள் இதனைத் தம் வரலாற்றிலேயே கண்டார்கள். அடிமை வணிகத்தில் அவர்களில் எண்ணற்றோர் சங்கிலியிட்டுக் கப்பலேற்றப்பட்டு, கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். நிலம் பறிபோயிற்று, பெயர்கூடப் பறிபோயிற்று. ஆயினும் நினைவில் சுமந்து சென்ற பாடல்களும் வழிபாடுகளும் அந்நாடுகளில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

நாம் பிழைப்புத் தேடி விருப்பத்தோடு வந்தவர்கள். அவர்கள் பட்ட துன்பத்தோடு நம்மை ஒப்பிடுவது தகாது. ஆனாலும் பாடம் நமக்கும் உரியது. ஊர்க் கோயிலும் உறவும் ஒசூர் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டாலும், எந்தத் தெருவில் குடியேறினாலும் கூடவே வருவது நம் மனம். அதனைப் பண்படுத்தாமல் வீட்டை மட்டும் மாற்றினால், பழைய வீட்டின் சச்சரவு புதிய வீட்டிலும் தொடரும்.

6. எண்ணத்தைத் தட்டிப் பார்க்கும் முறை

இனி, எண்ணம் வெந்ததா என்று சோதிப்பது எப்படி? யொரூபா நாட்டில் குறி கேட்க வருபவர் தம் குறையைக் குறி சொல்பவரிடம் சொல்வதில்லை. காசு ஒன்றை வாயருகே வைத்து அதனிடம் முணுமுணுப்பார். குறி சொல்பவர் விழுந்த பிரிவுக்குரிய பாடல்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். தம் நிலைக்குப் பொருந்துவது எது என்று கேட்பவரே கண்டுகொள்வார். குறியில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதில் உள்ள மனப்பயிற்சியைக் கவனிக்கலாம். குறையைச் சொல்லால் உருவாக்குதல், அவசரப்படாமல் பல கதைகளைக் கேட்டல், தன்னோடு பொருத்திப் பார்த்தல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

நம் காலத்தில் தமிழில் இதனை முறையான பாடமாக்கியவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து 2006இல் மறைந்தவர். அவர் வகுத்த அகத்தாய்வுப் பயிற்சியில் முதற்படியே எண்ணம் ஆராய்தல்தான். அதன்பின் ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் எனப் படிகள் தொடரும். எண்ணம் தோன்றுவதற்குத் தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம் என்று ஆறு காரணங்களை அவர் எடுத்துக்காட்டினார்.

மேலை மருத்துவத்திலும் 1960களில் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர் இத்தகைய முறை ஒன்றை உருவாக்கினார். தோன்றும் எண்ணத்தைத் தாளில் எழுது. அதற்கு ஆதரவான சான்று என்ன, எதிரான சான்று என்ன என்று பார். பிறகு முடிவு செய் என்பது அதன் சாரம். மூன்று வழிகளும் பிறந்த இடம் வேறு. ஆனால் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே சற்று இடைவெளி விட வேண்டும் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

7. நம் நகரம் தந்த பாடம்

இந்த இடைவெளியின் அருமையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நம் நகரில் கலவரம் மூண்டது. 2016இல் இரு மாநிலங்களிலும் நடந்த தாக்குதல் காட்சிகள் கைபேசி வழியே பரவி, சினம் காட்டுத்தீயானது. கையில் வந்த செய்தியைத் தட்டிப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பியவர், தாமறியாமலேயே அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றியவரானார். அத்தகைய நாளில் மனத்தை ஆளுதல் என்பது ஒருவரின் ஆன்மிக நலம் மட்டுமன்று; தெருவில் விளையாடும் பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

பொறுமையின் பயனையும் இதே நகரில் கண்டோம். அல்சூர் ஏரிக்கரை அருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரு மாநில முதல்வர்களும் கூடியிருக்க அது திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சினத்தால் பதினெட்டு ஆண்டுகளில் ஆகாததைப் பேச்சும் பரிமாற்றமும் ஒரே வாரத்தில் நிறைவேற்றின. அஃபுவாபே வாயிற்காவலனுக்குக் கொடுத்த உப்பு நினைவுக்கு வருகிறதல்லவா?

8. ஏழு நாள் பயிற்சி

படித்ததைப் பழக்கத்தில் கொண்டுவந்தால்தான் பாடம் நிறைவு பெறும். குடும்பத்தோடு செய்யத்தக்க எளிய பயிற்சி இது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

முதல் நாளும் இரண்டாம் நாளும்: அன்று உங்களைச் சூடேற்றிய எண்ணம் ஒன்றை இரவில் ஒரே வரியில் எழுதுங்கள். 'மேலாளர் என்னை மதிக்கவில்லை', 'மகன் தமிழில் பதில் சொல்வதில்லை' என்பது போல. திருத்த வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும்: எழுதியதன் பக்கத்தில், அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். உண்மைத் தேவையா, பழக்கமா, பிறர் தூண்டுதலா? மகன் தமிழில் பேசவில்லை என்ற சினத்தின் அடியில், ஊரில் உள்ள உறவினர் என்ன சொல்வாரோ என்ற அச்சம் இருக்கக்கூடும். அப்படியானால் சினத்துக்கு உரியவன் மகன் அல்லன்.

ஐந்தாம் நாள்: அந்த எண்ணத்துக்கு எதிரான சான்று ஒன்றைத் தேடுங்கள். சென்ற வாரம் பாட்டியுடன் தொலைபேசியில் அவன் இரண்டு நிமிடம் தமிழில் பேசியிருக்கலாம்.

ஆறாம் நாள்: தாளுக்கு வேலை கொடுங்கள். எண்ணத்தை மாற்றும் சிறு செயல் ஒன்று. இரவு உணவின்போது கண்டிப்பதை விட்டு ஒரு கதை சொல்லுங்கள். அஜாலாவின் கதையே ஆகட்டும்!

ஏழாம் நாள்: வீட்டார் அனைவரும் அமர்ந்து, இந்த வாரம் எந்த எண்ணம் வெந்திருந்தது, எது வேகவில்லை என்று பேசுங்கள். சிறுவரும் பேசட்டும். பெரியவர் குறுக்கிடாமல் கேட்பதே அன்றைய பொறுமைப் பயிற்சி.

9. ஓர் எச்சரிக்கை

மனத்தை ஆளும் பயிற்சி நலமுள்ள மனத்துக்கு உரம். நோயுற்ற மனத்துக்கு அது மட்டும் மருந்தாகாது. பல வாரங்களாகத் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பிறருக்குக் கேட்காத குரல் கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால், 'மனத்தை அடக்கு' என்று அறிவுரை கூறுவது கொடுமையாகும். கால் முறிந்தவனை ஓடு என்பதற்கு அது சமம்.

யொரூபா நாடே இதற்கும் வழிகாட்டுகிறது. அபியோகுட்டா நகரில் பிறந்த மனநல மருத்துவர் தாமஸ் அடியோயே லாம்போ 1954இல் ஆரோ மருத்துவமனையில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். நோயாளிகள் சுற்றியிருந்த கிராமத்து வீடுகளில் உறவினர் ஒருவர் துணையுடன் தங்கி, நவீன மருத்துவம் பெற்றனர். நாட்டு வைத்தியரையும் அவர் ஒதுக்காமல் உடன் வைத்துக்கொண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957இல் தொடங்கியது முதல் குடும்பத்தாரை நோயாளியுடன் தங்கவைத்தே மருத்துவம் செய்கிறது. மருந்தும் உறவும் சேர்ந்தே குணமாக்கும் என்பதை இரு நாடுகளும் கண்டறிந்தன.

நம் நகரின் ஒசூர் சாலையில் நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது. 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது அது. யோகப் பயிற்சியை மருத்துவத்தோடு இணைத்து ஆராயும் பணியும் அங்கே நடக்கிறது. வெளியே சொல்லத் தயங்குவோர்க்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை உண்டு. எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அயலாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் காலந்தாழ்த்தாதீர்கள். உதவி கேட்பது தோல்வியாகாது, அதுவும் தாளாண்மையே.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டில் 'தலையெழுத்து' என்ற சொல் எப்போது ஆறுதலாகப் பயன்படுகிறது, எப்போது சோம்பலுக்குச் சாக்காகிறது?

2. மூன்று நண்பர்கள் மீதும் பெய்த மழை, உங்கள் வாழ்வில் எது?

3. பதற்றமான நாளில் கைபேசிக்கு வரும் செய்தியை அனுப்புமுன் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் யாவை? பிள்ளைகளுடன் கூடி எழுதுங்கள்.

4. அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பம் ஒன்றுடன் நீங்கள் பகிர்ந்துகொண்ட 'உப்பு' எது?

விடைகளைப் பெரியவர்கள் தனியாக எழுதாமல், வீட்டில் உள்ள இளையோரோடு பேசி எழுதுமாறு வேண்டுகிறோம். மழைக்காலம் எல்லாருக்கும் வரும். அதற்குள் தலையை நன்றாக வேகவைத்துக்கொள்வோம். தாளையும் ஓய்ந்திருக்க விடாதிருப்போம்.